கேட்ட துயரம் வீடுவரை வருகிறது: போக்சோ வழக்குகளில் பணிபுரியும் ஆலோசகர்கள் எப்படித் தாங்கிக்கொள்கிறீர்கள்?

மருதம் எழுதியது:

வணக்கம். தமிழகத்தின் ஒரு மாவட்டத்தில், பாலியல் கொடுமைக்கு உள்ளான குழந்தைகளுக்கும் அவர்களுடைய குடும்பத்தாருக்கும் ஆலோசனை வழங்கும் பணியில் இருக்கிறேன். முதுகலை உளவியல் முடித்து, சில ஆண்டுகள் பள்ளி ஆலோசகராக இருந்துவிட்டு இந்த வேலைக்கு வந்தேன். போக்சோ சட்டத்தின்கீழ் வழக்குப் பதிவானதும் குழந்தையை அனைத்து மகளிர் காவல் நிலையத்திலிருந்து மருத்துவப் பரிசோதனைக்கும், குழந்தை நலக் குழுவுக்கும், பிறகு நடுவர் முன் வாக்குமூலம் அளிக்கவும் அழைத்துச் செல்கிற நாட்களில், பெரும்பாலும் நானோ என் சக ஆலோசகரோதான் கூடவே இருக்கிறோம். அதன்பின் வழக்கு நடக்கும் காலம் முழுவதும் அந்தக் குழந்தைகள் எங்களிடம் வந்துகொண்டிருப்பார்கள்.

இங்கே சொல்லும் விவரங்களை எந்தக் குழந்தையையும் அடையாளம் காட்டாதபடி மாற்றித்தான் எழுதுகிறேன். ஒரு சிறுமி, என்னிடம் பேசிக்கொண்டிருந்த நேரம் முழுவதும், மடியில் வைத்திருந்த ஜாமெட்ரி பாக்ஸின் மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். சொல்லவே முடியாத இடம் வரும்போது மூடியைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொள்வாள். சொல்லி முடித்ததும் விரலை எடுப்பாள், ‘டக்’ என்று சத்தம் வரும். இப்போது என் வீட்டில் என் மகள் வீட்டுப்பாடம் எழுத உட்கார்ந்து தன் ஜாமெட்ரி பாக்ஸைத் திறந்தால், அடுத்த அறையில் இருக்கும் எனக்கு நெஞ்சு படபடக்கிறது. அந்தச் சிறுமி சொன்ன வீடும் அந்தப் படிக்கட்டும், நான் ஒருநாளும் பார்த்திராதவை, நேரில் பார்த்தவை போலக் கண்முன் வருகின்றன.

வேறு மாற்றங்களும் தெரிகின்றன. பல ஆண்டுகளாக எங்கள் தெருப் பிள்ளைகளை அழைத்துச் செல்கிற ஆட்டோக்காரரை மாற்றச் சொல்லி வீட்டில் தொடர்ந்து வற்புறுத்துகிறேன். மகளைப் பக்கத்து வீட்டுக்கு விளையாட அனுப்புவதில்லை. உறவினர் யாராவது அவளை மடியில் உட்கார வைத்தால் என்னால் அந்த இடத்தில் இருக்க முடிவதில்லை. என் கணவர் பொறுமையானவர், ஆனாலும் அவரிடம் எதையும் விளக்க முடியவில்லை. குழந்தைகளின் அடையாளத்தைக் காக்க வேண்டிய கடமை ஒருபுறம், கேட்டதையெல்லாம் அவர் தலையிலும் ஏற்றிவிடுவேனோ என்ற அச்சம் மறுபுறம்.

இந்தப் பணியை நான் நேசிக்கிறேன். விட்டுவிட வேண்டும் என்று நினைக்கவில்லை. ஆனால் இது என் மனவலிமைக் குறைவா, எல்லோருக்கும் வருவதா, இப்படியே போனால் எங்கே கொண்டுபோய் விடும், மூத்தவர்கள் நீங்கள் நடைமுறையில் என்ன செய்கிறீர்கள் என்பதை அறிய விரும்புகிறேன். எங்கள் அலுவலகத்தில் சூப்பர்விஷன், அதாவது மூத்த ஆலோசகர் ஒருவரோடு கேஸ்களையும் அவை நம்மைப் பாதிக்கும் விதத்தையும் பேசும் ஏற்பாடு, என்று தனியாக எதுவும் கிடையாது; மாதாந்திரக் கூட்டத்தில் எத்தனை கேஸ், எத்தனை முடிவடைந்தன என்ற கணக்கை மட்டுமே கேட்கிறார்கள்.

நொச்சி எழுதியது:

மருதம் அவர்களுக்கு, உங்கள் பதிவைப் படித்ததும் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் போதை மீட்பு மையம் ஒன்றில் ஆலோசகராக இருக்கிறேன். எனக்கு உதவியவற்றைச் சொல்கிறேன். மாலை வீடு திரும்பியதும் முதலில் குளித்துவிடுவேன். சாவு வீட்டுக்குப் போய்வந்தவர்கள் தலைமுழுகிவிட்டு உள்ளே நுழைவதைப் போல, அன்று கேட்டதை வாசலோடு நிறுத்திக்கொள்ள அது எனக்கு ஒரு வழி. விடியற்காலையில் நடைப்பயிற்சி, வாரம் ஒருமுறை கோவில், இரவில் கைப்பேசியைத் தொடாமல் சிறிது நேரம் பாட்டு. வேலை வேறு, வீடு வேறு என்று மனத்தில் ஒரு கோடு போட்டுக்கொண்டால் காலப்போக்கில் பழகிவிடும் என்பது என் அனுபவம். உங்கள் உடலையும் உறக்கத்தையும் கவனித்துக்கொள்ளுங்கள் சகோதரி.

வேலமரம் எழுதியது:

மருதம், நான் மனநல சமூகப் பணியாளர். பெங்களூருவில் உள்ள தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸில் எம்.ஃபில். பயிற்சி பெற்றுவிட்டு, பல ஆண்டுகளாக ஓர் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவிலும் பிறகு குழந்தைகளுக்கான நிறுவனங்களிலும் பணிபுரிந்து வருகிறேன். உங்கள் முதல் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன்: இது மனவலிமைக் குறைவு அன்று. பிறருடைய கொடிய அனுபவங்களின் விவரங்களைத் தொழில்முறையில் மீண்டும் மீண்டும் கேட்பவர்களுக்கு, அந்த அனுபவம் தமக்கே நேர்ந்ததைப் போன்ற அறிகுறிகள் தோன்றலாம் என்பது இன்று ஐயத்துக்கு இடமில்லாத மருத்துவ உண்மை. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013இல் வெளியிட்ட டிஎஸ்எம்-5 நோய்க்கண்டறிதல் கையேடு, மன அதிர்ச்சிக்குப் பிந்தைய அழுத்த நோய்க்கு வழிவகுக்கக்கூடிய அனுபவங்களில் ஒன்றாக இதைச் சேர்த்திருக்கிறது. அங்கே அவர்கள் காட்டும் எடுத்துக்காட்டே, குழந்தைகள் மீதான கொடுமைகளின் விவரங்களைத் திரும்பத் திரும்பக் கேட்க நேரும் காவலர்களைப் பற்றியது. தொலைக்காட்சியிலோ கைப்பேசியிலோ பார்ப்பதை அந்தக் கையேடு இதில் சேர்ப்பதில்லை. பணியின் பகுதியாகப் பார்க்க நேர்ந்தால் மட்டும் சேர்க்கிறது. அதாவது, உங்களுடைய வேலையைப் போன்ற வேலையை மனத்தில் வைத்துத்தான் அந்த வரியை எழுதியிருக்கிறார்கள்.

நீங்கள் சொன்னவற்றில் இரண்டு வேறு விஷயங்கள் கலந்திருக்கின்றன; அவற்றைப் பிரித்துப் பார்த்தால் என்ன செய்யலாம் என்பது தெளிவாகும் என்று நினைக்கிறேன். மூடிச் சத்தத்துக்கு நெஞ்சு படபடப்பதும், காணாத படிக்கட்டு கண்முன் வருவதும் இரண்டாம்நிலை மன அதிர்ச்சியின் அறிகுறிகள். இவை திடீரென்றும் வரலாம், ஒரே ஒரு கேஸுக்குப் பிறகும் வரலாம். வேகமாகக் கவனித்தால் வேகமாகக் குறையவும் செய்யும். ஆட்டோக்காரரைப் பற்றியும் உறவினரின் மடியைப் பற்றியும் நீங்கள் சொன்னது வேறு. மெக்கேன், பெர்ல்மன் என்ற இரு உளவியலாளர்கள் 1990இல் எழுதிய கட்டுரையில், இத்தகைய பணி ஆலோசகரின் அடிப்படை நம்பிக்கைகளையே மெல்ல மெல்ல மாற்றிவிடுகிறது என்று காட்டினார்கள். உலகம் ஓரளவு பாதுகாப்பானது, மனிதர்களை நம்பலாம், என் வாழ்க்கை ஓரளவாவது என் கட்டுப்பாட்டில் இருக்கிறது, நெருங்கியவர்களோடு நெருக்கமாகவே இருக்கலாம் என்பன போன்ற நம்பிக்கைகள் அவை. இந்த மாற்றம் ஓசையில்லாமல் நடப்பதால், மாறியது நாம்தான் என்பது நமக்குத் தெரியாது. மற்றவர்கள்தாம் அபாயம் தெரியாமல் இருக்கிறார்கள் என்றே தோன்றும். உங்கள் வீட்டில் நடக்கும் விவாதத்தை இந்த வெளிச்சத்தில் ஒருமுறை பாருங்கள். உங்கள் எச்சரிக்கை முழுவதும் பொய் என்று நான் சொல்லவில்லை. குழந்தைகளுக்குத் தீங்கு செய்பவர்களில் பெரும்பாலோர் தெரிந்தவர்களே என்பதை நீங்களும் நானும் அறிவோம். ஆனால் உங்கள் அறைக்கு வருகிற குழந்தைகள் எல்லோரும் தீங்கு நேர்ந்தவர்கள்; தீங்கு நேராத ஆயிரக்கணக்கான பிள்ளைகளின் ஆட்டோ பயணங்கள் உங்கள் மேசைக்கு வருவதே இல்லை. அந்த அறையிலிருந்து மட்டும் உலகத்தை அளந்தால் அளவு தவறத்தான் செய்யும்.

பணிச்சோர்வு என்பது மூன்றாவது. அது கோப்புகள், சம்பளத் தாமதம், மேலதிகாரியின் அலட்சியம் இவற்றால் எந்த அலுவலகத்திலும் வரும். அதற்கு யாருடைய துயரக் கதையையும் கேட்டிருக்க வேண்டியதில்லை. பத்து நாள் விடுப்பு பணிச்சோர்வைக் கொஞ்சம் குறைக்கும். கண்முன் வருகிற படிக்கட்டை விடுப்பு மட்டும் அகற்றாது.

அறைக்குள் செய்யக்கூடியவற்றில் எனக்கு மிகவும் பயன்பட்ட ஒன்றை விரிவாகச் சொல்கிறேன். குழந்தை பேசும்போது அதன் முகபாவத்தையும் அது உட்கார்ந்திருக்கும் விதத்தையும் நம்முடைய உடல் அறியாமலே பின்பற்றும்: அது தோளைக் குறுக்கினால் நம் தோளும் குறுகும், அது மூச்சைப் பிடித்தால் நாமும் பிடிப்போம். பரிவின் ஒரு பகுதி அது. ஆனால் ஒரு மணி நேரம் அப்படியே இருந்தால் அந்த அச்சம் நம் உடலிலேயே உண்டாகிவிடுகிறது. ஆகவே இடையிடையே பாதம் இரண்டும் தரையில் முழுவதும் பதிந்திருக்கின்றனவா என்று கவனியுங்கள். நாற்காலியின் முதுகில் சாய்ந்து, மூச்சை நீளமாக வெளியே விடுங்கள். பேனாவைக் கையில் எடுத்து அதன் எடையை உணருங்கள். இதனால் குழந்தை மீதான கவனம் குறைவதில்லை. நீங்கள் நிதானமாக மூச்சுவிடுவது குழந்தைக்கும் தெரியும், பல நேரங்களில் அதன் மூச்சும் இறங்கிவரும். அதேபோல, குழந்தை சொல்லும் காட்சியை நீங்கள் மனத்தில் படமாக வரைந்துகொண்டே கேட்கிறீர்களா என்று சோதியுங்கள். சிலருக்கு அந்தப் பழக்கம் இயல்பிலேயே உண்டு. சொற்களைச் சொற்களாகக் கேட்டு, குழந்தை இப்போது இந்த அறையில் எப்படி இருக்கிறது என்பதில் கண்ணை வைத்தால், காணாத வீட்டின் படிக்கட்டு அவ்வளவு துல்லியமாக உருவாகாது.

இறுதியாக, அறிகுறிகள் ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தாலோ, உறக்கத்தையும் வீட்டு உறவையும் பாதித்தாலோ, நீங்களே ஒரு சிகிச்சையாளரிடம் செல்லுங்கள். நேரடியாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கு நாம் தருகிற அதே சிகிச்சைகள், மன அதிர்ச்சியை மையமாகக் கொண்ட அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை, கண் அசைவுகளைப் பயன்படுத்தும் ஈஎம்டிஆர் சிகிச்சை போன்றவை, இதற்கும் பயன்படுகின்றன. அடையாளம் சொல்லாமல் உங்கள் அனுபவத்தை மட்டும் பேச முடியும். சிகிச்சையாளரும் இரகசியக் காப்புக்குக் கட்டுப்பட்டவரே. நிலைமை எந்தப் பக்கம் போகிறது என்று அறிய, ‘புரொஃபஷனல் குவாலிட்டி ஆஃப் லைஃப்’ என்ற 30 கேள்விகள் கொண்ட படிவத்தை மூன்று மாதத்துக்கு ஒருமுறை நிரப்பிப் பாருங்கள். கடந்த 30 நாட்களை வைத்துப் பதிலளிக்க வேண்டும். பணியில் கிடைக்கும் நிறைவு, பணிச்சோர்வு, இரண்டாம்நிலை மன அதிர்ச்சி ஆகிய மூன்றையும் அது தனித்தனியே அளக்கிறது. நோய் இருக்கிறதா இல்லையா என்று தீர்ப்பளிக்கிற படிவம் அன்று அது. போன முறைக்கும் இந்த முறைக்கும் என்ன வேறுபாடு என்று காட்டும், அவ்வளவுதான்.

நெய்தல் எழுதியது:

நான் ஒரு தொலைபேசி உதவி மையத்தில் குழுத் தலைவராக இருக்கிறேன். வேலமரம் அவர்கள் அறைக்குள் செய்ய வேண்டியதைச் சொல்லிவிட்டார். நான் அறைக்கு வெளியே உள்ளதைப் பற்றி எழுத விரும்புகிறேன். நொச்சி அவர்கள் சொன்ன குளியல், நடை, பாட்டு எல்லாவற்றையும் மதிக்கிறேன், நானும் அவற்றில் சிலவற்றைச் செய்பவள்தான். ஆனால் “பழகிவிடும்” என்ற சொல்லோடு எனக்கு உடன்பாடில்லை, ஏனென்றால் அந்தச் சொல்லை நம்பி நல்ல ஆலோசகர்கள் பலர் தங்களையே குற்றம்சாட்டிக்கொண்டு இந்தத் துறையைவிட்டுப் போனதைப் பார்த்திருக்கிறேன்.

கனடாவில் டெட் போபர், ஷெரில் ரெகெர் என்ற இரு ஆய்வாளர்கள் 259 சிகிச்சையாளர்களிடம் நடத்திய ஆய்வு 2006இல் வெளிவந்தது. ஓய்வு, பொழுதுபோக்கு, தன்னைப் பேணுதல், சூப்பர்விஷன் இவையெல்லாம் உதவும் என்று நம்பியவர்கள், அந்த நம்பிக்கைக்கு ஏற்ப அவற்றுக்குக் கூடுதல் நேரம் ஒதுக்கவில்லை. அதைவிட முக்கியமானது, இவற்றுக்கு அதிக நேரம் ஒதுக்கியவர்களிடம் மன அதிர்ச்சியின் அறிகுறிகள் குறைவாகவும் இல்லை. அறிகுறிகளின் அளவை எல்லாவற்றையும்விட நன்றாகக் கணித்துச் சொன்னது, ஒருவர் வாரத்தில் எத்தனை மணி நேரம் மன அதிர்ச்சிக்கு உள்ளானவர்களுடன் பணிபுரிகிறார் என்பதுதான். இந்த முடிவை நான் முதன்முதலில் படித்தபோது எனக்கு ஏற்பட்டது பெரும் ஆறுதல். எவ்வளவு கேட்கிறோம் என்பதுதான் கேள்வி என்றால், அதைத் தனி ஆலோசகரின் தலையில் போட முடியாது. கேஸ்களைப் பங்கிட்டுத் தருகிறவர்தான் அதற்குப் பொறுப்பு. அந்த ஆய்வாளர்களும் இந்த இடத்துக்குத்தான் வந்து சேர்ந்தார்கள்: தனிநபருக்கு அறிவுரை சொல்வதைவிட வேலைப்பளுவைப் பங்கிடுவதற்கு நிறுவனங்கள் வழிதேட வேண்டும்.

எங்கள் பணியில் ஒரு தனித் துன்பம் உண்டு. அழைப்பு பாதியிலேயே துண்டிக்கப்பட்டுவிடும். மாத்திரைகளை எடுத்து வைத்திருப்பதாகச் சொன்ன ஒருவரிடம் பேசிக்கொண்டிருக்கும்போதே இணைப்பு அறுந்துபோகும். திரும்ப அழைத்தால் அணைத்து வைக்கப்பட்டிருக்கும். காவல்துறைக்குத் தகவல் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருப்போம். ஹெட்ஃபோனைக் கழற்றுவதற்குள் அடுத்த அழைப்பு வந்துவிடும், அதில் ஒரு கல்லூரி மாணவர் தேர்வு பயத்தைப் பற்றிப் பேசத் தொடங்குவார். முந்தையவர் பிழைத்தாரா என்பது பல நேரங்களில் எங்களுக்குத் தெரியவே தெரியாது. இதற்கு எந்த மூச்சுப்பயிற்சியும் போதாது. நாங்கள் செய்வது இதுதான்: அப்படிப்பட்ட அழைப்புக்குப் பிறகு அந்த ஆலோசகரின் இணைப்பை நான் என் மேசையிலிருந்தே நிறுத்திவைப்பேன். அவர் கேட்க வேண்டியதில்லை. அனுமதி கேட்க வேண்டிய நிலை இருந்தால் யாரும் கேட்கமாட்டார்கள் என்பதைப் பார்த்துத்தான் இந்த விதியைக் கொண்டுவந்தோம். அவர் எழுந்து தண்ணீர் குடித்து, ஒரு சக ஆலோசகருடன் சற்று நேரம் நின்றுவிட்டு, தன் குறிப்பை எழுதி முடித்த பிறகுதான் அடுத்த அழைப்பு. இரவுப் பணியில் ஒருவரைத் தனியாக உட்கார வைப்பதில்லை. தற்கொலை தொடர்பான அழைப்புகள் ஒருவருக்கே தொடர்ந்து போகாதபடி பார்த்துக்கொள்கிறோம்.

சக ஆலோசகர்களிடம் பேசுவதிலும் ஓர் ஒழுங்கு தேவை. கேட்டதையெல்லாம் அப்படியே கொட்டினால் கேட்பவர் நெஞ்சிலும் அது தங்கிவிடும். கனடாவில் உதவிப் பணியாளர்களுக்குப் பயிற்சியளிக்கும் பிரான்சுவாஸ் மத்தியூ சொல்லித்தருகிற முறையை நாங்கள் பின்பற்றுகிறோம்: பேசப்போவது கடினமான விஷயம் என்று முன்கூட்டியே சொல்வது, இப்போது கேட்க முடியுமா என்று கேட்டு இசைவு பெறுவது, தேவையான அளவு மட்டும், வெளிவட்டத்திலிருந்து தொடங்கிச் சொல்வது. கொடூரமான விவரத்தைச் சொல்லாமலே “இன்று கேட்ட ஒன்று என்னைக் கலங்கடித்துவிட்டது, என் கை நடுங்குகிறது” என்று சொல்ல முடியும். உங்கள் கணவரிடமும், மருதம், இந்த அளவுக்குப் பேசலாம். எந்தக் குழந்தையின் இரகசியமும் இதில் வெளிப்படாது. உங்கள் நெஞ்சு படபடப்பது உங்களுடையது, அதைச் சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு.

ஒரு எச்சரிக்கையையும் சேர்க்கிறேன். சில நிறுவனங்கள் ஒரு கடினமான சம்பவத்துக்குப் பிறகு எல்லோரையும் ஒரே அறையில் உட்காரவைத்து, நடந்ததையெல்லாம் ஒரே அமர்வில் விவரிக்கச் சொல்கின்றன. அதிர்ச்சியான சம்பவங்களில் நேரடியாகச் சிக்கியவர்களிடம் இந்த ஒற்றை அமர்வு முறை எந்த அளவு பயன்பட்டது என்று, பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்து மதிப்பிடும் காக்ரேன் தொகுப்பாய்வு ஒன்று 2002இல் அலசியது. பிற்கால மன அதிர்ச்சி நோயை அது தடுத்ததற்குச் சான்று இல்லை. சிலருக்குத் தீங்கு நேர்ந்திருக்கக் கூடும் என்பதற்கே அறிகுறிகள் இருந்தன. விருப்பமில்லாதவரைப் பேசவைப்பதை நாங்கள் இதனால்தான் அறவே விட்டுவிட்டோம்.

வன்னிக்காற்று எழுதியது:

வணக்கம். நான் இலங்கையின் வடக்கு மாகாணத்தில் உளசமூகப் பணியாளராகக் கடமையாற்றுகிறேன். உங்களுடைய கேள்வியையும் பதில்களையும் ஆறுதலாக வாசித்தேன். எங்களுடைய நிலைமை ஒரு விதத்தில் வேறானது, அதையும் இங்கே பதிந்துவைப்பது நல்லது என்று நினைக்கிறேன்.

நெய்தல் அவர்கள் எடுத்துக்காட்டிய ஆய்வில், மனவடுவுக்கு உள்ளானவர் ஒரு பக்கத்திலும் உளவளத்துணையாளர் மறுபக்கத்திலும் இருக்கிறார்கள். எங்களிடத்தில் அந்தக் கோடு இல்லை. 2004 ஆழிப்பேரலையில் முல்லைத்தீவுக் கரையில் உறவுகளை இழந்தவர்கள், 2009 மே மாதத்தில் போர் முடிந்து செட்டிக்குளம் முகாம்களில் அடைபட்டிருந்த ஏறத்தாழ மூன்று இலட்சம் மக்களுள் ஒருவராக இருந்தவர்கள், அவர்களேதான் பின்னர் பயிற்சி பெற்று மற்றவர்களுக்கு உளவளத்துணை வழங்கினார்கள். ஒரு தாய் கடைசி நாட்களில் மகனின் கையைத் தவறவிட்ட இடத்தைச் சொல்லும்போது, கேட்டுக்கொண்டிருக்கும் பணியாளருக்கும் அந்த இடம் தெரியும், அதே பாதையால் அவரும் நடந்து வந்திருப்பார். இங்கே படம் வரையாமல் கேட்பது எப்படி? அந்தப் படம் முன்னரே அவருக்குள் இருக்கிறது.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம், போரின் பாதிப்பைத் தனிமனிதரின் நோயாக மட்டும் பார்க்க முடியாது, குடும்பத்துக்கும் சமூகத்துக்கும் ஏற்பட்ட கூட்டு மனவடுவாகப் பார்க்கவேண்டும் என்று 2007இல் எழுதினார். பணியாளருடைய பாதிப்புக்கும் இதே பார்வை வேண்டும் என்பது என்னுடைய உறுதியான கருத்து. ஆகவே எங்களைத் தாங்குவதும் கூட்டாகவே நடக்கிறது. மாதத்தில் ஒரு நாள் பல பிரதேச செயலகப் பிரிவுகளில் வேலை செய்கிறவர்கள் ஒன்றுகூடுவோம். அங்கே மேற்பார்வை செய்ய வருபவர் கோப்புகளைப் பார்ப்பதில்லை. எந்தச் சம்பவம் உங்களுடைய சொந்தக் கதையைத் தொட்டது என்றுதான் கேட்பார். அப்படித் தொட்ட சம்பவத்தை அந்த நேரத்தில் இன்னொருவர் பொறுப்பேற்பார். கையளித்தவரை யாரும் குறைவாக நினைப்பதில்லை. பிறகு எல்லோரும் சேர்ந்து சமைத்துச் சாப்பிடுவோம். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது சாதாரணமாகத் தோன்றலாம், எங்களுக்கு அந்தச் சமையல் மேற்பார்வையின் ஒரு பகுதி.

முடிவில்லாமல் கேட்பதுதான் எங்களை மிகவும் வருத்துவது. காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20 அன்று தொடங்கிய தொடர் போராட்டத்தை நீங்கள் அறிந்திருப்பீர்கள். அந்தத் தாய்மாருக்குத் துக்கம் காக்கவும் முடியாது, நம்பிக்கையைக் கைவிடவும் முடியாது. பல தாய்மார் விடை தெரியாமலேயே இறந்துபோனார்கள். இப்படி முடிவு தெரியாத இழப்பைப் பற்றி அமெரிக்க ஆய்வாளர் போலின் பொஸ் நீண்டகாலம் எழுதியிருக்கிறார். அதற்கு ஒரு முடிவைக் கட்டாயப்படுத்தக் கூடாது, இரண்டு உண்மைகளையும் ஒன்றாகத் தாங்கி வாழ உதவவேண்டும் என்பது அவருடைய நிலைப்பாடு. இதைப் படித்த பிறகு என்னுடைய சுமையிலும் ஒரு பகுதி இறங்கியது. அந்த அம்மாவின் கேள்விக்குப் பதில் தேடித் தருவது என்னுடைய கடமையில் இல்லை, அது அரசினுடைய கடமை. அந்தப் பதில் வரும்வரை அவருடன் இருப்பதும் அவருடைய நித்திரையையும் சாப்பாட்டையும் கவனிப்பதும்தான் என்னுடையவை.

இன்னொன்று. கொலம்பியாவில் அரசியல் வன்முறைக்கும் ஆட்கடத்தலுக்கும் உள்ளானவர்களுடன் வேலை செய்த சிகிச்சையாளர்களைப் பற்றிய ஆய்வொன்றை 2007இல் பிலார் ஹெர்னாண்டெஸ் என்பவரும் அவருடைய சகாக்களும் வெளியிட்டார்கள். துயரம் சிகிச்சையாளருக்குள் கடந்து வருவதைப் போலவே, பாதிக்கப்பட்டவர் மீண்டெழும் வல்லமையும் கடந்து வருகிறது என்று அவர்கள் கண்டார்கள். அது தானாக வரும்வரை காத்திருக்காமல், கவனித்துப் பார்த்தால் அதிகம் கிடைக்கும் என்றும் சொன்னார்கள். எங்கள் மாதக் கூட்டத்தில் இதற்காகவே ஒரு பகுதியை ஒதுக்கியிருக்கிறோம். முன்னர் வாசலுக்கே வராதிருந்த ஒரு பெண் இந்தக் கிழமை தன்னுடைய கோழிகளுக்குக் கூடு கட்டிவிட்டார் என்பது போன்ற செய்திகளை அங்கே சொல்வோம். மருதம், உங்களிடம் வந்த பிள்ளைகளில் திரும்பப் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியவர்களும் இருப்பார்கள். அவர்களைப் பற்றி உங்களுடைய அலுவலகத்தில் யாராவது உங்களிடம் கேட்டிருக்கிறார்களா?

மருதம் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. வன்னிக்காற்று அவர்களே, உங்கள் கடைசிக் கேள்விக்கு விடை, இல்லை என்பதே. எங்கள் படிவத்தில் வழக்கின் நிலை என்று ஒரு கட்டம் உண்டு, குழந்தையின் நிலை என்று ஒரு கட்டம் இல்லை. நேற்றிரவு கணவரிடம் நெய்தல் அவர்கள் சொன்ன அளவில் பேசினேன். அவர் ஆட்டோவைப் பற்றி எதுவும் வாதாடவில்லை, கேட்டுக்கொண்டிருந்தார்.

இப்போது என் கேள்வி அலுவலகத்தைப் பற்றியது. சூப்பர்விஷனுக்கு நிதி இல்லை என்று சொல்லிவிடுவார்கள், ஆட்களும் குறைவு. அப்படிப்பட்ட இடத்தில், மேலதிகாரியிடம் எதைக் கேட்டால் கிடைக்க வாய்ப்பு உண்டு? எதிலிருந்து தொடங்குவது?

வேலமரம் எழுதியது:

மருதம், பணம் தேவைப்படாதவற்றிலிருந்து தொடங்குங்கள். வாய்மொழியாகக் கேட்காமல், ஒரு பக்கக் கடிதமாக, உங்கள் சக ஆலோசகரும் கையெழுத்திட்டுக் கொடுங்கள். உங்கள் உடல்நலத்தை முன்வைத்துக் கேட்டால் “விடுப்பு எடுத்துக்கொள்ளுங்கள்” என்ற பதில் வரும். குழந்தைகளின் நலனை முன்வைத்துக் கேளுங்கள். அதில் எந்த நடிப்பும் இல்லை. மன அதிர்ச்சியில் இருக்கும் ஆலோசகர் கடினமான இடங்களைத் தன்னையறியாமலே தவிர்ப்பார், குழந்தை சொல்ல வரும்போது பேச்சை மாற்றுவார், அல்லது தேவைக்கு மேல் ஆழமாகக் கேட்பார். இரண்டாலும் பாதிக்கப்படுவது குழந்தைதான்.

முதலாவதாக, புதிய கேஸ்களைப் பிரிக்கும் முறையைக் கேளுங்கள். ஒரே வாரத்தில் மிகக் கடுமையான இரண்டு கேஸ்கள் ஒருவருக்கே வராமல், உங்கள் இருவருக்கும் மாறி மாறி வரட்டும். ஒரே நாளில் நீதிமன்றப் பணியும் புதிய குழந்தையின் முதல் சந்திப்பும் சேராமல் இருக்கட்டும். பள்ளிகளில் விழிப்புணர்வு வகுப்பு எடுப்பது, பெற்றோர் குழுக்களை நடத்துவது போன்ற பணிகள் உங்கள் அலுவலகத்தில் கட்டாயம் இருக்கும், அவற்றையும் வாரத்துக்குள் கலந்து தரச் சொல்லுங்கள். தீங்கு நேராத குழந்தைகளின் கூட்டத்தில் நிற்கும் நேரம் உங்கள் அளவுகோலைச் சரிசெய்ய உதவும். நான் முன்பு சொன்ன அந்த நம்பிக்கைகளுக்கு இதைவிட நல்ல மருந்து எனக்குத் தெரியவில்லை.

இரண்டாவதாக, ஒரே விவரத்தைப் பலமுறை கேட்பதையும் எழுதுவதையும் குறைக்க வேண்டும். சிறப்பு நீதிமன்றத்தில் குழந்தையைத் திரும்பத் திரும்பச் சாட்சியத்துக்கு அழைக்கக் கூடாது என்று போக்சோ சட்டத்தின் 33ஆம் பிரிவே சொல்கிறது. அதே உணர்வில், குழந்தையிடம் ஏற்கெனவே பெறப்பட்ட வாக்குமூலம் இருக்கும்போது ஆலோசகர் சம்பவத்தை மீண்டும் முழுமையாகக் கேட்டு எழுத வேண்டிய தேவை என்ன என்று கேளுங்கள். உங்கள் குறிப்பில் வர வேண்டியது குழந்தையின் உறக்கம், உணவு, பள்ளி, பயம், வீட்டில் அதன் பாதுகாப்பு இவைதான். சம்பவ விவரம் சிகிச்சைக்குத் தேவைப்படும் நேரம் வரும். அப்போது முறையான சிகிச்சைத் திட்டத்துக்குள், குழந்தை தயாரான பிறகு, அதைப் பேசுவோம். இதில் உங்களுக்கும் ஒரு நன்மை உண்டு. மன அதிர்ச்சிச் சிகிச்சையாளர்களைப் பற்றி கிரெய்க், ஸ்பிராங் என்பவர்கள் அமெரிக்காவில் நடத்தி 2010இல் வெளியிட்ட ஆய்வில், சான்றுள்ள சிகிச்சை முறைகளைப் பயன்படுத்துபவர்களிடம் சோர்வு குறைவாகவும் பணிநிறைவு கூடுதலாகவும் இருந்தன. கேட்ட துயரத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் நிற்பதுதான் நம்மை அதிகம் நொறுக்குகிறது. அடுத்த படி தெரிந்தவருக்கு அதே கதை அந்த அளவு பாரமாக இருப்பதில்லை. ஆகவே மன அதிர்ச்சியை மையமாகக் கொண்ட சிகிச்சையில் பயிற்சிக்கு அனுப்புமாறும் அதே கடிதத்தில் எழுதுங்கள். இதற்கு மட்டும் கொஞ்சம் பணம் வேண்டும்.

மூன்றாவதாக, படிவத்தில் குழந்தையின் நிலைக்கு ஒரு கட்டம் சேர்க்கச் சொல்லுங்கள். மறுக்க எந்தக் காரணமும் இல்லாத கோரிக்கை அது. மாதாந்திரக் கூட்டத்தில் அந்தக் கட்டத்தை வாசிக்க ஆரம்பித்தாலே கூட்டத்தின் போக்கு மாறும்.

சூப்பர்விஷனுக்கு நிறுவனத்தை எதிர்பார்த்துக் காத்திருக்க வேண்டாம். பக்கத்து மாவட்டங்களில் இதே பணியில் இருக்கும் நான்கைந்து பேரைச் சேர்த்து, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, கைப்பேசியில் ஒரு மணி நேரம் சந்தியுங்கள். அடையாளங்கள் இல்லாமல், நெய்தல் சொன்ன ஒழுங்கில், ஒருமுறைக்கு ஒருவருடைய கேஸை மட்டும் எடுத்துப் பேசுங்கள். முதல் இரண்டு மூன்று சந்திப்புகளுக்கு நான் வந்து நடத்தித் தருகிறேன். அதன்பின் நீங்களே முறைவைத்து நடத்திக்கொள்ளலாம். எனக்குத் தனிச்செய்தியில் உங்களுக்கு வசதியான நாளை எழுதுங்கள், சனிக்கிழமை மாலை என்றால் எனக்கு எளிது.